சாம் மென்பொருள்: கல்யாண மண்டபத்து வெந்நீருக்குத் தாங்குமா?

சோலார் வெந்நீர் அமைப்பைக் கட்டுவதற்கு முன்னால் கணினியில் ஓட்டிப் பார்க்க நல்ல சாஃப்ட்வேர் எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் சாம். அதில் வரும் எண்ணை அப்படியே கொட்டேஷனில் ஏற்றிவிடாதீர்கள் என்று கூடவே சொல்லிவிடுவேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு விடுதி, ஆஸ்பத்திரி, லாட்ஜ் மொட்டை மாடிகளுக்கு வெந்நீர் அமைப்பு வடிவமைத்துத் தருவது என் தொழில். சமீபத்தில் கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காக இதை முழுமூச்சாக உபயோகித்தேன். இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த மண்டபத்தை வைத்துத்தான்.

முதலில் அறிமுகம். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் உருவாக்கியது இது. 2007-ல் பொதுமக்கள் கைக்கு வந்தபோது இதன் பெயர் சோலார் அட்வைசர் மாடல். அப்புறம் சூரியனைத் தாண்டி மற்ற ஆற்றல்களும் சேர்ந்ததால் 2010-ல் சிஸ்டம் அட்வைசர் மாடல் என்று மாற்றினார்கள். காசு கிடையாது. மூல நிரலும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஓர் ஆண்டின் 8760 மணி நேரத்தையும் என் பழைய லேப்டாப்பே கண்மூடித் திறப்பதற்குள் ஓட்டி முடித்துவிடுகிறது.

கரண்ட் எடுக்கும் சோலார் பேனல் வேலைக்காரர்களுக்கு சாம் நன்றாகப் பழக்கம். வெப்பப் பக்கத்தில் அது செய்வதைப் பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஒரு மாடல், தொட்டி வடிவக் கண்ணாடி வரிசைக்கும் ஃப்ரெனல் கண்ணாடிக்கும் தொழிற்சாலை வெப்பக் கணக்கு, கோபுரம் வைத்த மின் நிலையங்கள் என்று வரிசையாக இருக்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சூரிய வெப்ப அமைப்பு ஆரோவில் சோலார் கிச்சனின் மாடியில் இருக்கும் 15 மீட்டர் விட்டக் கிண்ணம். கிண்ணம் அசையாது, மேலே தொங்கும் கொதிகுழாய் மட்டும் வெயிலைத் தேடி நகரும். அதைப் போட்டுப் பார்க்க சாமில் இடமே இல்லை. கிண்ணத்தை வடிவமைத்தவர்கள் சாம் வருவதற்கு முன்பே அதில் சோறு வடித்தாகிவிட்டது, அது வேறு கதை.

சரி, வாட்டர் ஹீட்டர் மாடலுக்கு வருவோம்.

வெயிலைக் கணக்குப் போடும் விதத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் வானிலைக் கோப்பை சாமே இறக்கிக்கொள்ளும். சாய்ந்த பரப்பில் விழும் சிதறிய ஒளியைக் கணக்கிட ஐசோட்ரோபிக், எச்.டி.கே.ஆர்., பெரெஸ் என்று மூன்று முறைகள் உண்டு. நான் பெரெஸ் வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுத் தென்னை எந்த மாதம் எந்த மணிக்குக் கலெக்டர் (வெயிலை வாங்கிச் சூடாக்கும் பலகை) மேல் நிழல் போடும் என்பதை மாதம் பன்னிரண்டு, மணி இருபத்து நான்கு கட்டங்களில் நிரப்பலாம். திருவந்திபுரம் மண்டபத்துக்கு மேற்கே இரண்டு தென்னைகள் இருந்தன. வெட்டச் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு அந்தக் கட்டங்களை நிரப்பியதும் முடிந்துவிட்டது. நாலு மணிக்கு மேல் விழும் நிழலால் போகும் வெப்பம் மிகச் சொற்பம். தென்னைகள் பிழைத்தன.

சாய்வுக் கோணத்துக்கும் இதே சுகம். கடலூர் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகை. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அந்த 12-ஐ ஒட்டிய சாய்வுதான் அதிகம் தரும். ஆனால் வெந்நீர் தேவைப்படுவது ஐப்பசியிலிருந்து தை, மாசி வரை. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஒரே கணக்கைப் பல எண்களுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டித் தரும் பாராமெட்ரிக் பக்கத்தில் 10, 15, 20, 25, 30 என்று கோணங்களை வரிசையாகக் கொடுத்தால் மாதவாரியாகக் காட்டிவிடும். 25 டிகிரியில் ஆண்டுக் கூட்டல் கொஞ்சம் குறைகிறது, குளிர்காலம் ஏறுகிறது. இதைப் படமாகக் காட்டினால் ஃபிட்டருக்கும் புரியும், மண்டபக்காரருக்கும் புரியும். இந்த ஒரு வசதிக்காகவே சாமை வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் தண்ணீர்ப் பக்கத்தில்தான்.

சாமின் வாட்டர் ஹீட்டர் மாடலில் ஒரே ஓர் அமைப்புதான் உண்டு. கலெக்டரில் ஓடும் திரவம் தனிச் சுற்று. பம்ப் அதைச் சுழற்றும். இரண்டு திரவமும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியே வெப்பம் சோலார் டேங்குக்குப் போகும். அதற்கு அடுத்து மின்சாரத்தில் ஓடும் துணை ஹீட்டர். குளிர்தேச வீட்டு ஏற்பாடு இது. நம் ஊர் மொட்டை மாடிகளில் பத்துக்கு ஒன்பது என்ன? பம்பே இல்லாமல், சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும் தெர்மோசைஃபன் வகை. கண்ணாடிக் குழாய்கள் நேராக டேங்கில் செருகியிருக்கும். அதைப் போட சாமில் வழி இல்லை. ஓட்ட வேகம் எவ்வளவு என்று சாம் உங்களிடம் கேட்கும். தெர்மோசைஃபனில் அந்த வேகத்தை வெயிலே தீர்மானிக்கிறது, காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று. வீட்டுக்கு 100 லிட்டர் ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் சாமைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

மண்டபம் அப்படி இல்லை. பெரிய அமைப்பு, பம்ப் கட்டாயம். அந்தப் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதைக் கலெக்டருக்குள் விட்டால் செம்புக் குழாய்கள் அடைத்துவிடும். எனவே ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த சுற்றுதான் போட வேண்டியிருந்தது, சாமின் அமைப்போடு பொருந்தியும் போனது. ஆனால் படியும் உப்பு இப்போது எக்ஸ்சேஞ்சரில் படியும். சாமில் எக்ஸ்சேஞ்சரின் திறனுக்கு ஒரே எண், ஆண்டு முழுக்க அதே. புதிதாக இருக்கும்போது 0.75 என்றால், ஆசிட் விட்டுக் கழுவாமல் விட்ட மண்டபத்தில் நாளடைவில் அது எங்கே போய் நிற்கும்? நான் 0.75-க்கு ஒரு ஓட்டம், 0.5-க்கு ஒரு ஓட்டம் என்று தனித்தனியாக ஓட்டி, வித்தியாசத்தைக் கழுவும் செலவோடு வைத்துக் காட்டினேன்.

கலெக்டரின் எண்களை உள்ளே கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கவனிக்காமல் விட்டால் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும். சாமோடு வரும் பட்டியலில் இருப்பவை அமெரிக்கச் சான்று பெற்ற கலெக்டர்கள். நம் ஊர்த் தயாரிப்புக்கு எண்களை நாமே தட்ட வேண்டும். சாம் கேட்பது, கலெக்டருக்குள் நுழையும் தண்ணீரின் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்ட எண்கள். ஐரோப்பிய முறையில் சோதித்த சான்றிதழில் இருப்பதோ, நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் நடுவிலான சராசரி வெப்பத்தை வைத்த எண்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வெயிலில் எவ்வளவை வாங்குகிறது என்பதற்கு 0.75, எவ்வளவு இழக்கிறது என்பதற்கு 4 என்று. மாற்றாமல் போட்டால் சாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.02 கிலோ ஓடும்போது இந்த மாற்றத்தில் 0.75 என்பது 0.73 ஆகும், பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டம் அதில் கால்வாசிக்கு இறங்கினால் 0.68 ஆகிவிடும். போதாக்குறைக்கு எந்தப் பரப்புக்கு இந்த எண் என்ற கேள்வி: கண்ணாடி திறப்பா, சட்டத்தோடு சேர்ந்த முழு அளவா? நான் விலை கேட்ட ஒரு விற்பனையாளர் தந்த தாளில் 'எஃபிஷியன்சி 80%' என்று மட்டும் இருந்தது. எந்தப் பரப்பு, எந்த வெப்பம் என்று கேட்டதற்கு, 'மேடம், எல்லாத்துக்கும் அதான்' என்றார். கலெக்டருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 12933. அதன்படியான சோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் சாமைத் திறக்காதீர்கள். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் என்றால் இன்னும் தொல்லை. குழாய்க்குக் குறுக்கே சாய்ந்து விழும் வெயில் ஒரு மாதிரி, நீளவாக்கில் விழுவது ஒரு மாதிரி. சாமில் கோணத் திருத்தத்துக்கு ஒரே ஓர் எண்தான். குழாய்களின் இந்த இரட்டை நடத்தை அதற்குள் அடங்காது.

டேங்க் வைத்திருக்கும் அறையின் வெப்பம் என்ன என்று ஒரு கட்டம் கேட்கிறது. தொடக்கத்தில் அதில் 20 டிகிரி இருக்கும். அறையா? நம் டேங்க் மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. நான் 27 போட்டேன். இதற்கு மேல் இந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டுவதில் பலன் இல்லை. ஆனால் டேங்கின் வெப்ப இழப்பு எண்ணில் அசட்டையாக இருக்கக் கூடாது. 3000 லிட்டர் டேங்கின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர். உள்ளே 70 டிகிரி, வெளியே 27 என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 0.5 வாட் இழக்கும் நல்ல இன்சுலேஷனில் ஒரு நாளைக்கு ஆறு யூனிட் வெப்பம் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) போகும். பிளந்து மழைத் தண்ணீர் ஏறிய இன்சுலேஷனில் இழப்பு எண் 1.5 ஆனால் பதினெட்டுக்கும் மேல். ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது கீழே புரியும்.

போர்வெல் தண்ணீரின் வெப்பத்தையும் சாம் தானே ஊகிக்கும். உள்ளூர்க் காற்றின் சராசரி வெப்பத்தோடு சில டிகிரி கூட்டி, பருவத்துக்குத் தகுந்த ஏற்ற இறக்கம் கொடுக்கும் சூத்திரம் அது. மண்ணுக்குள் புதைந்த குழாயில் வரும் நகராட்சித் தண்ணீரை மனதில் வைத்துச் செய்தது. நம் ஊரில் தண்ணீர் போர்வெல்லிலிருந்து ஏறி, கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டியில் இரவெல்லாம் நிற்கிறது. தை மாதம் அதிகாலையில் மண்டபத்துத் தொட்டியில் தெர்மாமீட்டரைக் கயிறு கட்டி இறக்கிப் பார்த்தேன். 25 டிகிரி. சூத்திரம் 31-ஐ ஒட்டிச் சொன்னது. 2000 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற, 31-லிருந்து என்றால் 67 யூனிட். 25-லிருந்து என்றால் 81. ஒரு தெர்மாமீட்டரும் கயிறும் இருந்தால் தீர்கிற விஷயம். சாமில் நம் எண்களை நாமே கொடுக்கவும் வழி இருக்கிறது, கொடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், எந்த வெப்பத்தில் தண்ணீர் வேண்டும் என்ற கட்டம். பொதுவாக எல்லோரும் 60 என்று போட்டு, வேண்டிய லிட்டரையும் 60-க்கே கொடுப்பார்கள். யாரும் 60 டிகிரித் தண்ணீரில் குளிப்பதில்லை. 18 லிட்டர் வாளி, 40 டிகிரி. அதில் 60 டிகிரி வெந்நீர் எட்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு, மீதி பச்சைத் தண்ணீர். 2000 லிட்டர் வெந்நீர் என்பது சுமார் 260 வாளி. இதை 60-க்கு 2000 லிட்டர் என்றும் கொடுக்கலாம், 40-க்கு 4700 லிட்டர் என்றும் கொடுக்கலாம். இரண்டிலும் வேண்டிய வெப்பம் ஒன்றே. ஆனால் மூட்டமான நாளில் டேங்க் 45 டிகிரியில் நின்றால், முதல் கணக்கில் சாம் துணை ஹீட்டரைப் போட்டு 60-க்கு ஏற்றும். இரண்டாவதில், 45 போதும் என்று அப்படியே விட்டுவிடும். சோலாரின் பங்கு இரண்டிலும் வேறு வேறாக வரும். மண்டபத்தில் நடக்கப்போவது இரண்டாவதுதான். மழைக்காலக் காலையில் வெதுவெதுப்பாக வந்தால் பச்சைத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு குளித்துவிட்டுப் போவார்கள். நான் 40-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது முகூர்த்தம். தேவநாத சுவாமி கோயிலும் எதிரே மலையும் இருப்பதால், முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் அடுத்தடுத்துக் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே வாளிகள் நகர ஆரம்பிக்கும். மற்ற நாளில் மண்டபம் காலி. வாட்ச்மேனும் ஒரு நாயும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் சுத்தமாகக் கிடையாது. இந்த மாதிரித் தேவையை எந்த சாஃப்ட்வேரும் எதிர்பார்ப்பதில்லை. ரெட்ஸ்கிரீன் என்று கனடா அரசின் இயற்கை வளத் துறை தருவது ஒன்று உண்டு. செய்த கணக்கைச் சேமித்து வைக்க முடியாத பார்வை நிலையில் அதுவும் இலவசம். அது மாதச் சராசரியில் ஓடுகிறது. 1970-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான சிமுலேஷன்களை ஓட்டி வடித்தெடுத்த எஃப்-சார்ட் முறைதான் அதன் அடிப்படை. மாதத்தில் ஆறு முகூர்த்தம், ஒவ்வொன்றுக்கும் 2000 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 400 லிட்டர் என்று சராசரி போட்டுக்கொள்ளும். நாள்தோறும் 400 லிட்டர் கேட்கும் ஹாஸ்டலும் இந்த மண்டபமும் அதற்கு ஒன்றே. விடை பிரமாதமாக வரும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போடும்போது அந்தச் சராசரி உதவாது.

சாமில் 8760 மணிக்கும் தனித்தனியாக எவ்வளவு தண்ணீர் என்று கொடுக்கலாம். விரிதாளில் தயார் செய்து ஒரே ஒட்டில் ஒட்டிவிடலாம். பாம்புப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகூர்த்த நாட்களில் மூன்று மணி முதல் ஆறு மணி வரை நிரப்பினேன். இங்கே எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. சாமின் டேங்க் மாடல் எளிமையானது: கலெக்டர் ஓடும் நேரத்தில் டேங்க் முழுவதும் ஒரே வெப்பம் என்று எடுத்துக்கொள்ளும், ஓடாத நேரத்தில் மேலே சூடு, கீழே பச்சை என்று இரண்டு அடுக்காகப் பிரிக்கும். பகலெல்லாம் தண்ணீர் எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்த எளிமை கணக்கைக் கீழே இழுத்துவிடும். இருட்டோடு குளித்து முடிக்கும் நம் வழக்கத்துக்கோ இது கச்சிதமாகப் பொருந்துகிறது. தண்ணீர் எடுக்கும் நேரத்தில் வெயிலே இல்லை.

வானிலைக் கோப்பு என்றால் பொதுவாகக் கிடைப்பது 'வழக்கமான ஆண்டு'. ஜனவரி ஓர் ஆண்டிலிருந்து, பிப்ரவரி வேறோர் ஆண்டிலிருந்து என்று பொறுக்கி ஒட்டியது. நாள்தோறும் ஒரே மாதிரித் தேவை இருந்தால் இது போதும். முகூர்த்தத்துக்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் முகூர்த்தமும் ஒன்றாக வருகின்றன. முகூர்த்தத்துக்கு முந்தைய மூன்று நாள் வெயிலா மழையா என்பதில்தான் விடையே இருக்கிறது. எந்த ஆண்டையும் சேராத வானிலைக்கு எதிரே எந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைப்பது? நான் செய்தது, நாசா பவர் தளத்திலிருந்து மணிவாரித் தரவை ஆண்டு ஆண்டாக இறக்கி, அந்தந்த ஆண்டின் முகூர்த்த நாட்களோடு ஜோடி சேர்த்து ஓட்டியது. அந்தத் தரவின் வெயில் கட்டம் ஒரு டிகிரி அகலம், நூறு கிலோமீட்டருக்கு மேல். கடலூரும் கடலும் ஒரே கட்டத்தில் கிடக்கும். துல்லியம் போகிறது, நாட்களின் வரிசை கிடைக்கிறது. எனக்கு வரிசைதான் வேண்டியிருந்தது. 2024 நவம்பர் 30-ல் கரை ஏறிய ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வாரத்து வரிகளில் கலெக்டர் ஏறக்குறைய பூஜ்யம். இப்படிப்பட்ட வாரம் ஒட்டுப்போட்ட ஆண்டில் வந்தாலும் வரும், வராமலும் போகும். (2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரை அடித்துப் போட்டதை நினைத்தால், கலெக்டர் ஸ்டாண்டின் போல்ட் பற்றி எந்த சிமுலேஷனும் கேட்பதில்லை என்பதும் ஞாபகம் வருகிறது.)

இவ்வளவையும் கொடுத்த பிறகு சாம் காட்டிய விஷயம் எனக்குப் பிடித்தது. வழக்கமான விதிப்படி 100 லிட்டருக்கு ஒரு 2 சதுர மீட்டர் கலெக்டர். 2000 லிட்டருக்கு 20 கலெக்டர், 2000 லிட்டர் டேங்க். கலெக்டர் எண்ணிக்கையையும் டேங்க் அளவையும் பாராமெட்ரிக்கில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினேன். 12 கலெக்டரும் 3000 லிட்டர் டேங்கும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தன. மண்டபம் காலியாக இருக்கும் மூன்று நல்ல வெயில் நாளில் டேங்க் 70 டிகிரிக்கு ஏறிவிடும். 25-லிருந்து கணக்கிட்டால் உள்ளே 157 யூனிட். அடுத்தடுத்து வரும் இரண்டு காலைக்கு ஆகும். அதுவரை சூட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நாளைக்கு ஆறு யூனிட் போகிற டேங்கா பதினெட்டு யூனிட் போகிற டேங்கா என்பதற்கு மேலே அவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதனால்தான். மிச்சம் பிடித்த எட்டு கலெக்டரின் பணத்தில் ஒரு பகுதியை இன்சுலேஷனுக்கும் அதன் மேல் அலுமினியத் தகட்டுக்கும் திருப்பச் சொன்னேன்.

காலி நாட்கள் நீண்டால் வேறு தொந்தரவு. ஆடி மாதம் முழுக்க யாரும் தண்ணீர் எடுக்காமல், டேங்க் சூடாகிக்கொண்டே போகும். சாமில் உச்ச வெப்பம் என்று ஓர் எண் உண்டு. அதைத் தொட்டதும் மேற்கொண்டு வெப்பத்தைச் சேர்க்காமல் நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். நிஜத்தில் கலெக்டருக்குள் நீர் கொதிக்கும், வால்வு சீறும், புது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், படிவு கூடும். "அக்கா, ஆடி மாசம் கலெக்டருக்குத் தார்ப்பாய் போட்டு மூடிடலாம்" என்று பிளம்பர் சொன்னதற்கு எந்தக் கட்டமும் சாமில் இல்லை. நிழல் அட்டவணையில் ஆடி வரும் மாதங்களுக்கு 100 சதவீதம் போட்டு அவர் சொன்னதை நிறைவேற்றினேன்.

பைப் விஷயத்தில் சாம் பாதிதான் கேட்கிறது. கலெக்டர் சுற்றின் பைப் நீளம், விட்டம், இன்சுலேஷன் தடிமன் எல்லாம் உண்டு. டேங்கிலிருந்து அறைக்குப் போகும் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓர் அங்குலப் பைப்பில் மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். கடைசி அறைக்கு 20 மீட்டர் என்றால் பத்து லிட்டர். மூன்று மணிக்குக் குழாயைத் திறக்கும் முதல் ஆள், சூடு வரும்வரை அரை வாளிக்கு மேல் சாக்கடையில் விடுவார். அப்போது டேங்கிலிருந்து பத்து லிட்டர் வெந்நீர் பைப்புக்குள் இறங்கியிருக்கும். இந்த இழப்பை நான் தேவையிலேயே கூட்டிக் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

பணக் கணக்குப் பக்கத்தை நான் உபயோகிப்பதே இல்லை. டாலர் குறியை ரூபாயாக நினைத்துக்கொண்டு ஓட்டலாம், அது பரவாயில்லை. ஆனால் சோலார் மிச்சப்படுத்துவது மின்சாரத்தை மட்டுமே என்று அது நம்புகிறது. இந்த மண்டபத்தில் எரிவது சவுக்கு விறகு. "ஏம்மா, யூனிட்டெல்லாம் எனக்கு எதுக்கு? எத்தனை டன் சவுக்கு மிச்சமாகும், அதைச் சொல்லுங்க" என்றார் மண்டபக்காரர். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம். அவருடைய பழைய பாய்லர் அதில் பாதியைப் புகையோடு அனுப்பிவிடும். 81 யூனிட் வேண்டிய காலைக்கு 40 கிலோ விறகு. சாம் தரும் யூனிட்டை இரண்டால் வகுத்தால் கிலோ, அவ்வளவுதான். இதை விரிதாளில் செய்துகொண்டேன்.

வேறு எதையாவது பார்க்கலாமா என்றால், ட்ரான்சிஸ் இருக்கிறது. 1975 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது, ஃபோர்ட்ரானில் எழுதியது. கலெக்டர் ஓர் எண், டேங்க் ஓர் எண், கன்ட்ரோலர் ஓர் எண் என்று பெட்டிகளாக எடுத்துக் கம்பியால் இணைக்க வேண்டும். தெர்மோசைஃபனுக்கும் பெட்டி உண்டு, அறைகளுக்குச் சுற்றி வரும் பைப்புக்கும் உண்டு. எம்.டெக். படிக்கும்போது பழகினேன். பம்ப்பை ஓட்டு, நிறுத்து, ஓட்டு என்று கணக்கின் ஒரே நேரத் துண்டுக்குள் கன்ட்ரோலர் ஊசலாடுவதால், விடை ஒன்று சேராமல் எத்தனையோ ஓட்டம் நின்றுபோகும். அதைச் சமாளிக்க, இத்தனை தடவைக்கு மேல் மாறாதே என்று கன்ட்ரோலருக்குத் தனியாக ஓர் எண் கொடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு செமஸ்டர் வேண்டும், வாங்குவதற்கு என்னுடையதைப் போன்ற சின்ன ஆபீஸுக்குக் கட்டுப்படியாகாது. ஜெர்மனியின் டி-சோல், ஸ்விட்சர்லாந்தின் பாலிசன் இரண்டும் பார்க்க அழகு, தயாராக வரும் மாதிரி அமைப்புகள் நிறைய, ஆனால் அவையும் காசு.

மண்டபக்காரருக்கு நான் கொடுத்த தாளில் ஒற்றை எண் இல்லை. ஆண்டுவாரியாக ஓட்டியதில் நடுவில் நின்ற ஆண்டின் விறகு மிச்சம் ஒரு பத்தியில், மோசமான ஆண்டின் மிச்சம் அடுத்த பத்தியில். கூடவே எக்ஸ்சேஞ்சரைக் கழுவினால், கழுவாவிட்டால் என்ற இரண்டு வரிசை. பாய்லரைக் கழற்றி விற்றுவிடலாமா என்று கேட்டார். கார்த்திகை வரிசையைக் காட்டினேன். "அப்போ பாய்லர் இருக்கட்டும்" என்றார்.

சாமைப் பைத்தானிலிருந்து இயக்க பைசாம் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. வானிலையையும் முகூர்த்தத்தையும் ஆண்டு ஆண்டாக ஜோடி சேர்க்கும் வேலையைக் கையால் செய்தால் தாவு தீர்ந்துவிடும், அதனால் நான் அதற்குள் எழுதி வைத்திருக்கிறேன். 8760 வரித் தண்ணீர் அட்டவணையும் அந்த நிரலும் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். வாளியின் லிட்டரையும் முகூர்த்த நாட்களையும் உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரின் வெப்பத்தை மட்டும் என் எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். விடியற்காலையில் நீங்களே ஒருமுறை தெர்மாமீட்டரை இறக்கிப் பாருங்கள்.